ஓரிகன் பாலையில் சூரியக்கல் பொறுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்குத் தொலைபேசி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, நீங்க கல்லு பொறுக்கப் போவீங்களே, அந்த இடம் எங்க இருக்கு? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் போர்ட்லண்ட், சியாட்டில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். ஒன்பது கோடைகளாக நான் வீட்டாரோடு ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள வறண்ட நிலத்துக்குப் போய், மண்ணைச் சலித்து, சன்ஸ்டோன் எனப்படும் சூரியக்கல் பொறுக்கி வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் இதுவரை என்னிடம் கேட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அது என்ன இடம்? உண்மையிலேயே இலவசமா?

உண்மையிலேயே இலவசம். லேக் கவுண்டி என்ற மாவட்டத்தில், ப்ளஷ் என்ற சிற்றூருக்கு வடக்கே சுமார் 25 மைல் தொலைவில் இருக்கிறது. சன்ஸ்டோன் பொதுச் சேகரிப்புப் பகுதி என்று பெயர். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. இங்கே எல்லோரும் சுருக்கமாக பி.எல்.எம். என்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, முன்பதிவும் இல்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கிப் பொறுக்க வேண்டியதுதான்.

பி.எல்.எம். கையில் இருப்பது சுமார் 24.5 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு. அதில் பெரும்பகுதியில் கல், தாது மாதிரிகள், விலை குறைந்த மணிக்கற்கள் ஆகியவற்றைச் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. சூரியக்கல் கிடைக்கும் இந்த இடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. சுற்றிலும் உள்ள நிலத்தில் தனியார் சுரங்க உரிமை எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் இந்த ஒரு பகுதியை மட்டும் யாரும் உரிமை கோர முடியாதபடி ஒதுக்கி, பொதுமக்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. மாநிலத்தின் அதிகாரபூர்வ மணிக்கல் கிடைக்கும் இடம் (1987 முதல் ஓரிகனின் மாநில மணிக்கல் இதுதான்), அதில் ஒரு பங்கு யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிறது.

சூரியக்கல் என்றால் என்ன? நவரத்தினத்தில் ஒன்றா?

இல்லை. இது ஃபெல்ட்ஸ்பார் குடும்பத்தைச் சேர்ந்த கல். அந்தக் குடும்பத்தில் லாப்ரடோரைட் என்ற வகை. காங்கேயம், கரூர் பக்கத்தில் எடுக்கும் மூன்ஸ்டோனும் ஃபெல்ட்ஸ்பார்தான் என்பதால், நம் ஊர்க் கல்லுக்கு இதைப் பங்காளி என்று சொல்லலாம்.

பெயரில் ஒரு குழப்பம் வரும். நம் பழைய நூல்களில் வரும் சூரியகாந்தக்கல் இது அல்ல. வெயில் பட்டால் தீயைக் கக்கும் என்று சொல்லப்படும் கல் அது. நான் இங்கே சூரியக்கல் என்று எழுதுவது சன்ஸ்டோனுக்கு நேர்த் தமிழாகத்தான்.

எரிமலைக் குழம்பு பூமிக்கு அடியில் மெதுவாக ஆறும்போது அதற்குள் இந்தப் படிகங்கள் வளர்ந்தன. அப்புறம் குழம்பு மேலே வந்து, வழிந்து, உறைந்து, கறுப்புப் பாறையானது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அதன்பின் வெயிலும் பனியும் பாறையை மண்ணாக உதிர்த்தன. பாறை உதிர்ந்த இடத்தில் படிகங்கள் உதிராமல் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. சுத்தியலும் வெடியும் இல்லாமல் கையாலேயே எடுக்க முடிவதற்குக் காரணம் இதுதான்.

ஓரிகன் கல்லின் தனித்தன்மை அதில் உள்ள செம்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செப்புத் தகடுகள் கல்லுக்குள் ஒரே வரிசையில் படிந்திருந்தால், கல்லைத் திருப்பும்போது உள்ளே இளஞ்சிவப்பு மினுமினுப்பு ஒன்று ஓடி மறையும். இங்கே அதை ஷில்லர் என்பார்கள். செம்பு கூடக்கூடச் சிவப்பு, அபூர்வமாகப் பச்சை. செம்பு இல்லையென்றால் வைக்கோல் நிற மஞ்சள், அல்லது நிறமே இல்லாத தெளிவு.

பொதுநிலம் என்றால் எங்கே வேண்டுமானாலும் பொறுக்கலாம்தானே?

இல்லவே இல்லை. எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. நானும் செய்திருக்கிறேன்.

அமெரிக்காவில் அரசு நிலம் என்பது ஒரே வகை அல்ல. தேசியப் பூங்காக்களில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. யெல்லோஸ்டோனில் குழந்தை கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கல்லையும் திருப்பி வைக்கத்தான் வேண்டும். மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதி. தேசிய வனங்களில் பொதுவாகச் சிறிதளவு எடுக்கலாம், ஆனால் இடத்துக்கு இடம் மாறும். பழங்குடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் பொதுநிலமே அல்ல. அது அவர்களுடைய நிலம். அவர்கள் அனுமதி இல்லாமல் குனிந்து ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது. சூரியக்கல் நிலத்துக்குப் பக்கத்திலேயே ஹார்ட் மலை வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு பவுண்டு வரை மேலே கிடப்பதைப் பொறுக்கலாம், தோண்டக் கூடாது. அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் விதி மாறிவிடுகிறது பாருங்கள்.

பி.எல்.எம். நிலத்துக்குள்ளேயே இன்னொரு சிக்கல், சுரங்க உரிமை. 1872ஆம் வருடச் சுரங்கச் சட்டப்படி ஒருவர் பொதுநிலத்தில் ஓர் இடத்தை அளந்து, முளை நட்டு, பதிவு செய்துவிட்டால், அங்கே உள்ள தாது அவருடையது. நிலம் அரசுடையதாக இருந்தாலும் கல் அவருடையது.

என்னுடைய மூன்றாவது வருடத்தில், பொதுப் பகுதியின் எல்லைப் பலகையைப் பார்க்காமல், கண் போன போக்கில் மேற்கே நடந்துபோய் இரண்டு மணி நேரம் தோண்டினேன். நல்ல கல்லாக வந்துகொண்டிருந்தது. நல்ல கல்லாக வரும்போதே யோசித்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் பழைய டிரக்கில் வந்து இறங்கினார். கோபமாகப் பேசவில்லை. சற்றுத் தள்ளி நட்டிருந்த கட்டையைக் காட்டி, "இது எங்கள் குடும்பத்தின் இடம்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பையில் இருந்ததை எல்லாம் அவர் முன்னால் தட்டிக் கொட்டினேன். ஒன்றை மட்டும் எடுத்து என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளாமல் காரை விட்டு இறங்குவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கத்து ஊரான லேக்வியூவில் உள்ள பி.எல்.எம். அலுவலகத்தில் கேட்டால் எல்லையைத் தெளிவாகச் சொல்வார்கள்.

எவ்வளவு எடுக்கலாம்?

விதி சொல்வது "நியாயமான அளவு". கல்லுக்குப் பொதுவாக எடைக்கணக்கு சொல்வதில்லை. கல்லாய்ச் சமைந்த மரத்துக்கு மட்டும் நாடு முழுக்கத் தெளிவான கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு 25 பவுண்டு, கூடவே ஒரு துண்டு. வருடத்துக்கு 250 பவுண்டுக்கு மேல் கூடாது. 1962இல் வந்த சட்டத்தின் தொடர்ச்சி அது. பெரிய துண்டு ஒன்றை எடுப்பதற்காக நாலு பேர் பங்கைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும் முடியாது.

சூரியக்கல்லுக்கு நாங்கள் வீட்டில் வைத்திருக்கும் அளவு, ஆளுக்கு ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில். நிரம்பிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இன்னும் வேண்டுமென்றால் உள்ளே இருப்பதில் சுமாரானதை மண்ணில் போட்டுவிட்டு நல்லதை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல பழக்கமாகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள்.

எடுத்ததை விற்கலாமா?

கூடாது. இலவசமாக எடுக்க விடுவதே சொந்த உபயோகத்துக்குத்தான். இணையத்தில் விற்பது, பண்டமாற்றாகக் கொடுப்பது எல்லாம் வியாபாரத்தில் சேரும், அதற்குத் தனி அனுமதி வேண்டும். நண்பருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். எடுக்கலாமா?

எடுக்கலாம். பொழுதுபோக்காகப் பொறுக்குவதற்குக் குடியுரிமை ஒரு நிபந்தனை அல்ல. சுரங்க உரிமை கோருவதற்குத்தான் குடியுரிமையோ, குடிமகனாகப் போகிறேன் என்ற முறையான அறிவிப்போ வேண்டும். அந்த ஆசை இல்லாதவரை கவலையில்லை.

என்னென்ன கருவி கொண்டுபோகலாம்?

கைக்கருவி மட்டும். மண்வெட்டி, சிறு கடப்பாரை, கொத்து, வாளி, சல்லடை. மோட்டார் வைத்த எதுவும் ஆகாது, வெடியும் ஆகாது. எங்கள் வீட்டில் அதிகம் பயன்படுவது ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் தோட்டத்துக் களைக்கொத்தும்தான். சல்லடைக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையை மரச்சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்னக் கண் வைத்தால் மண் இறங்காது, கைதான் வலிக்கும்.

முழங்காலுக்கு ஒரு மெத்தை, தடித்த கையுறை, அகன்ற தொப்பி, கண்ணாடி. பாறைச் சில்லு கண்ணில் தெறிக்கும், அதனால் குழந்தைகளுக்கும் கண்ணாடி கட்டாயம்.

எத்தனையோ பேர் இந்தக் கைக்கருவி விதியைப் பார்த்து அலுத்துக்கொள்கிறார்கள். "ஒரு சின்ன மெஷின் வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே" என்பார்கள். முடிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. ஒரு மனிதன் கையால் ஒரு நாளில் புரட்டக்கூடிய மண் எவ்வளவு? ஒரு கட்டில் அகலம், முழங்கால் ஆழம். அதற்குள் முதுகு போதும் என்று சொல்லிவிடும். இத்தனை வருடம் இத்தனை பேர் வந்துபோன பிறகும் இந்த நிலத்தில் இன்னும் கல் கிடைக்கிறது என்றால், அதைக் காப்பாற்றியது நம் முதுகுவலிதான் என்று நான் நம்புகிறேன்.

எப்படித் தேடுவது? முதல் தடவை வருகிறோம்.

முதல் நாள் தோண்டாதீர்கள். நடங்கள். காலை வெயிலோ சாயங்கால வெயிலோ, சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில், சூரியனைப் பார்த்தபடி, தரையில் பத்தடி தூரத்தில் கண்ணை வைத்து மெதுவாக நடந்தால், மண்ணில் அங்கங்கே பொறி தட்டும். உடைந்த கண்ணாடி மாதிரி ஒரு மின்னல். கண்ணை எடுக்காமல் நேரே அந்த இடத்துக்குப் போக வேண்டும். ஓரடி விலகிப் பார்த்தால் மறைந்துவிடும். மழை பெய்து மண் கழுவிவிட்ட மறுநாள் என்றால் இன்னும் எளிது.

இரண்டாம் நாள் தோண்டலாம். மேலே அதிகம் மின்னிய இடத்தைப் பார்த்து, ஒன்றிரண்டு அடி ஆழம் போதும். ஒரு வாளி மண்ணைச் சல்லடையில் கொட்டி ஆட்டினால் தூசி இறங்கி, கறுப்புக் கல்லும் வெளிறிய துண்டுகளும் நிற்கும். அங்கே தண்ணீர் கிடையாது என்பதால் எல்லாம் உலர்சலிப்புதான்.

என் அம்மா இரண்டு வருடம் முன்பு ஊரிலிருந்து வந்திருந்தார். "இம்புட்டுத் தூரம் கல்லு பொறுக்கவா கூட்டியாந்தே?" என்று கேட்டபடிதான் நிழலில் உட்கார்ந்தார். நான் வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து சல்லடையை வாங்கிக்கொண்டார். அவர் அதை ஆட்டவில்லை. முறம் பிடிக்கிற மாதிரி முன்புறம் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு தட்டு, ஓர் இழுப்பு. கனமான கறுப்புக் கல் முன்னே போய்க் குவிந்தது, இலேசான துண்டுகள் பின்னே தங்கின. அப்புறம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் போய்வந்தன. அறுபது வருடம் அரிசியில் கல் பொறுக்கிய கை. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் அவர் எடுத்ததை நாங்கள் மூன்று பேர் அரை நாளில் எடுக்கவில்லை. அதிலிருந்து எல்லோருக்கும் நான் சொல்வது, சல்லடையைக் குலுக்காதீர்கள், புடையுங்கள்.

கையில் இருப்பது கல்லா, கண்ணாடித் துண்டா என்று எப்படித் தெரியும்?

ஃபெல்ட்ஸ்பார் உடையும்போது தட்டையான பரப்பாக உடையும். கல்லைத் திருப்பினால் ஒரு கோணத்தில் ஒரு முகம் முழுக்கக் கண்ணாடி போல ஒரே சமயத்தில் பளிச்சென்று ஒளிரும். அதற்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக இன்னொரு முகமும் ஒளிரும். பாட்டில் கண்ணாடியும் ஆப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியும் சிப்பி மாதிரி வளைந்து உடையும். இந்த ஒரு சோதனையே போதும். சந்தேகம் தீரவில்லையென்றால் கல்லின் முனையால் அந்தப் பாட்டில் துண்டைக் கீறிப் பாருங்கள். 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில் சூரியக்கல்லின் கடினத்தன்மை 6 முதல் 6.5. கண்ணாடியில் கோடு விழும்.

வெளிப்புறம் தேய்ந்து மங்கலாக இருக்கும் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தண்ணீரும் உதவும், ஆனால் எண்ணெய் இன்னும் தெளிவு. எண்ணெய் பட்டதும் மங்கல் விலகி, சன்னல் திறந்த மாதிரி உள்ளே தெரியும். வெயிலை நோக்கிப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஷில்லர் இருந்தால் அப்போது எழும், ஒரு செப்புத் தூசிப் படலம் உள்ளே மிதந்து வருவது போல.

சிவப்புக் கல் கிடைக்குமா?

பொதுப் பகுதியில் கிடைப்பதில் பெரும்பாலானவை வெளிர் மஞ்சளும் நிறமற்றவையும்தான். ஒன்பது வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த சிவப்பு இரண்டே இரண்டு. ஒன்று மிளகு அளவு. இன்னொன்று துவரம்பருப்பு அளவு, ஓரத்தில் விரிசல். சிவப்புதான் வேண்டும் என்றால், பக்கத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடும் தனியார் சுரங்கங்கள் உண்டு, அங்கே வாய்ப்பு அதிகம். நான் மஞ்சளை விரும்புகிறவன். மாலை வெயிலில் வைத்தால் கருப்பட்டிப் பாகு இளம்பதத்தில் இருப்பது போன்ற ஒரு நிறம், அதைச் சும்மா விட்டுவிட்டு வர மனசு வராது.

எப்போது போகலாம்? எப்படிப் போவது?

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. அதற்கு முன்னும் பின்னும் சேறு. அந்த மண் நனைந்தால் களி மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும், மழை மேகம் தெரிந்தால் புறப்பட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் வெயில் கொளுத்தும். எனக்குப் பிடித்தது செப்டம்பர்.

போர்ட்லண்டிலிருந்து ஏழெட்டு மணி நேரம். பெண்ட் ஊர் வழியாக வந்து 395ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி ஹாக்பேக் சாலையில் திரும்பலாம், அல்லது லேக்வியூ போய் ப்ளஷ் வழியாக வடக்கே வரலாம். கடைசிப் பகுதி சரளைச் சாலை. கூர்மையான கறுப்புக் கற்கள் டயரைக் கிழித்துவிடும். முழு அளவு மாற்றுச் சக்கரம் ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. பெட்ரோலைப் பெண்டிலோ லேக்வியூவிலோ நிரப்பிவிடுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தங்க, சாப்பிட வசதி?

ஒரு கழிப்பறையும் நிழலோடு ஓரிரு மேசையும் இருக்கின்றன. அவ்வளவுதான். கூடாரம் போட்டுப் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டு எடுத்துப்போங்கள், அதற்கு மேல் ஒரு கேன். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். கோடையில் தீத்தடை அடிக்கடி வரும், அதனால் அடுப்பு மூட்டலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் மட்டும் சீக்கிரம் தூங்கிவிடாதீர்கள். லேக் கவுண்டியில் ஒரு பெரும் பரப்பு 2024இல் சர்வதேச இருள்வானச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பால்வீதி அங்கே கோடு மாதிரி அல்ல, மேகம் மாதிரி தெரியும்.

பாம்பு உண்டா?

உண்டு, கிலுகிலுப்பைப் பாம்பு. பார்க்காத இடத்தில் கையை விடாதீர்கள், கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கமாக அல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும்படி புரட்டுங்கள், காலுக்கு முழு ஷூ போடுங்கள். சத்தம் கேட்டால் அப்படியே நின்று, பாம்பு எங்கே என்று பார்த்தபின் விலகுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்து லேக்வியூ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் 911ஐ அழையுங்கள்.

அம்புமுனை மாதிரி ஒன்று கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இது வடக்குப் பையூட் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம். ஆப்சிடியனைச் செதுக்கிச் செய்த முனைகளும் சில்லுகளும் கண்ணில் படும். 1979இல் வந்த தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம் நூறு வருடத்துக்கு மேல் பழைய மனிதப் பொருட்களைப் பொதுநிலத்திலிருந்து அகற்றுவதைத் தடுக்கிறது. படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பொருள் எங்கே கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. கீழடியில் ஒரு பானை ஓட்டை எந்த அடுக்கில் எடுத்தார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியாதா?

எலும்புள்ள உயிரினங்களின் புதைபடிவமும் அப்படித்தான், அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே எடுக்கலாம். சிப்பி, நத்தை போன்றவற்றின் புதைபடிவத்தைப் பொதுவாகச் சிறிதளவு எடுக்கலாம்.

தோண்டிய குழியை மூட வேண்டுமா?

கட்டாயம். கிளம்பும்போது அல்ல, அடுத்த குழி தொடங்கும் முன்பே. அங்கே மேயும் மாடுகளும் ப்ராங்ஹார்ன் மான்களும் இரவில் காலை விடும். பக்கவாட்டில் குடைந்து பாறைக்கு அடியில் போகாதீர்கள். மேல்மண் சரிந்தால் பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடையாது.

போன வருடம் போனபோது திறந்த குழிகள் வரிசையாகக் கிடந்தன, ஒன்றில் குளிர்பான டப்பாக்கள். எங்கள் பையன் கேட்காமலே மண்வெட்டியை எடுத்து மூட ஆரம்பித்தான். மதியம் வரை அதைத்தான் செய்தோம். இப்படி ஓர் இடம் திறந்திருப்பது வருகிறவர்களின் நடத்தையைப் பொறுத்தது. குழிகள் பெருகினால் ஒரு நாள் வேலி வரும், அதை நான் யாரிடமும் போய் முறையிட முடியாது. அதனால் நம் குழியோடு இன்னும் இரண்டையும் சேர்த்து மூடிவிட்டு வாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

வைரம் பொறுக்கும் இடம்கூட இருக்கிறதாமே?

ஆர்கன்சா மாநிலத்தில், மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊரில் இருக்கிறது. வைரப் பள்ளம் என்று பொருள்படும் பெயருள்ள மாநிலப் பூங்கா, கட்டணம் உண்டு. 1906இல் ஜான் ஹடில்ஸ்டன் என்ற விவசாயி தன் நிலத்தில் வைரம் கண்டெடுத்தார். 1924இல் அங்கே கிடைத்த 40.23 கேரட் கல்தான் அமெரிக்காவில் இதுவரை எடுத்ததில் பெரியது. 1972 முதல் பூங்கா. 37 ஏக்கர் மண்ணை அவ்வப்போது உழுதுவிடுவார்கள், யார் எடுத்தாலும் எடுத்தவருக்கே சொந்தம். அங்கேயும் மோட்டார் கருவி கூடாது. எடுத்தது வைரமா என்று ஊழியர்களே பார்த்துச் சொல்வார்கள்.

நமக்கு அருகில் என்றால் ஐடஹோவின் எமரால்ட் க்ரீக். தேசிய வனத்தில் நட்சத்திர கார்னெட் (வெளிச்சத்தில் நட்சத்திரக் கோடு தெரியும் கருஞ்சிவப்பு மணிக்கல்) கிடைக்கும் இடம், கட்டணம் உண்டு. இந்தியாவுக்கு வெளியே அந்தக் கல்லுக்குப் பெயர்பெற்ற இடம் அது. யூட்டாவின் டோபாஸ் மலையும் நன்றாக இருக்கும். அங்கே பாறைக்குள் தேன் நிறத்தில் இருக்கும் புஷ்பராகம் வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும், உடனே துணியில் சுற்றி வையுங்கள்.

இந்தியாவில் இப்படி எடுக்கலாமா?

இங்கே உள்ள மாதிரி, போய்ப் பொறுக்கிக்கொள் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. 1957ஆம் வருடச் சுரங்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது மத்தியப் பிரதேசத்தின் பன்னா. அங்கே சாதாரண மனிதர்களுக்கும் 8 மீட்டருக்கு 8 மீட்டர் துண்டு நிலத்தைத் தோண்டக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். கிடைக்கும் வைரத்தை அரசின் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் ஏலம் விட்டு, அரசின் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் குழி தோண்டவும் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் உரிமம் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது?

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கழுவிய சேற்றுத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், தோட்டத்தில் ஊற்றிவிடுங்கள். பட்டாணி அளவுக்குக் குறைந்ததைப் பட்டை தீட்டக் கொடுப்பதில் பயனில்லை, தீட்டும்போது பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். விரிசல் இல்லாத, சுண்டைக்காய் அளவுக்கு மேற்பட்ட கல் இருந்தால் கொடுக்கலாம். மோதிரத்தைவிடத் தோடோ பதக்கமோ செய்வது நல்லது. வீட்டுத் தூசியிலேயே 7 கடினத்தன்மை உள்ள குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, மோதிரக் கல் நாளாவட்டத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். அம்மா எடுத்த கற்களில் ஒன்றைத் திருகாணி வைத்த தோடாகச் செய்து கொடுத்தோம். மீதி இன்னும் அந்த ஊறுகாய் பாட்டிலில், சமையலறைச் சன்னலோரத்தில் இருக்கிறது.